விளக்கணைந்தபின் விழுந்த பந்து

கேமராவின் மேல் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தபோது, மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு அணிகளும் முப்பத்தொரு புள்ளிகளுடன் சமமாக நின்றன. பந்து வலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அதைத் திருப்பியடிக்க மட்டையை ஓங்கியிருந்த, ஓர் அணியின் தலைவி இசக்கிச்செல்வி, ஓங்கிய கையை அப்படியே இறக்கினாள். மஞ்சள் நூற்பந்து அவள் காலடியில் விழுந்து, ஒருமுறை துள்ளி அடங்கியது. அது யாருக்கும் புள்ளி ஆகவில்லை.

உயர்ந்த நாற்காலியில் அமர்ந்திருந்த நடுவர் ஆறுமுகநயினார் விசிலை ஊதினார். விளக்கு அணைந்தால் விசில் ஊத வேண்டும். விசில் கேட்டதும் பத்துப் பெண்களும் வலையருகே வந்து கைகுலுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு எல்லாரும் உடைமாற்றும் அறைக்குப் போய், சுவரில் மாட்டியிருக்கும் தொலைக்காட்சியில், தாங்கள் எப்படி ஆடி முடித்தோம் என்று பார்க்க வேண்டும். பூப்பந்தாட்டத்தில் இது வழக்கமாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. மாநில இறுதிப்போட்டி என்பதற்காக வழக்கம் மாறிவிடுமா என்ன?

"இன்னைக்கு எதுக்காம்?" என்று கேட்டாள் எதிரணித் தலைவி தீபலட்சுமி. அவள் திண்டுக்கல்காரி.

"கிரிக்கெட்டு ஆரம்பிக்கப் போகுதாம்," என்றாள் செல்வி.

"அது ஆறு மணிக்குத்தானே?"

"அதுக்கு முன்னால தரையக் காட்டணும்லா. புல்லு எவ்வளவு ஒசரம் வளந்திருக்கு, ஈரம் இருக்கா, இல்லியான்னு ரெண்டு பேரு குனிஞ்சு பாத்துச் சொல்லுவாவ."

"நம்மளவிடப் புல்லுக்கு மவுசு," என்றாள் தீபலட்சுமி. பெண்கள் சிரித்தார்கள். ஆறுமுகநயினார் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கி அவர்கள் பின்னால் நடந்தார்.

பூப்பந்து, கோகோ, எறிபந்து போன்றவற்றுக்கு அந்தத் தொலைக்காட்சி நிறுவனம் 'சிற்றாட்டங்கள்' என்று பெயர் வைத்திருந்தது. ஒதுக்கிய நேரத்தை அவை தாண்டினாலும், பெரிய ஆட்டம் ஒன்று முந்திக்கொண்டாலும், ஒளிபரப்பு அறுந்துவிடும். முன்பெல்லாம் அறுந்தது அறுந்ததுதான். பார்த்துக்கொண்டிருந்த சிலர் கோபத்தோடு கடிதம் எழுதுவார்கள். அந்தக் கோபத்துக்கும் இப்போது வழியில்லாமற் போயிற்று. நிறைவி என்ற கணிப்பொறி மீதி ஆட்டத்தைக் கணித்து, அசல்போலவே படமாக்கி, மூன்று நிமிடங்களில் சுருக்கி, விளம்பரங்களுக்கு நடுவே ஓட்டிவிடும். நிறுவனம் தரும் பணத்தில் உயிர்வாழும் பூப்பந்தாட்டக் கழகமோ, ஒளிபரப்பில் வரும் முடிவே முடிவு என்று விதி எழுதிக்கொண்டது. கேமரா இருக்கிறதே என்று கோட்டு நடுவர்களையும் நீக்கிவிட்டது. ஆட்டக்காரர்கள் கையிலும் நடுவர் கையிலும் பருவம் முடியும்வரை கழற்ற முடியாதபடி ஒரு பட்டையைப் பூட்டியது. அவர்களுடைய நாடித்துடிப்பும் அசைவும் பேச்சும் அந்தப் பட்டை வழியாகத்தான் நிறைவிக்குப் போய்க்கொண்டிருந்தன.

அறையில் பெஞ்சுகள் போதவில்லை. வேர்வை காயாத உடம்போடு இரண்டு அணியினரும் தரையில் கலந்து உட்கார்ந்தார்கள். செல்வி மட்டும் நின்றாள். அவளுக்கு அந்த மூன்று நிமிடங்களில் ஒரு வேலை இருந்தது. வெல்லும் அணியின் தலைவிக்கு வேலை தருவதாகத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் நிறுவனம் அறிவித்திருந்தது. அவள் தந்தை படுக்கையில் கிடந்தார். தங்கை நர்சிங் படிப்பில் சேரக் காத்திருந்தாள்.

சோப்பு விளம்பரம் முடிந்து ஆட்டம் வந்தது. திரையில் செல்வி பாய்ந்தாள், எழுந்தாள், அடித்தாள். தீபலட்சுமி திருப்பினாள். முப்பத்து நான்கு, முப்பத்து நான்கு. இன்னும் ஒரு புள்ளி எடுப்பவர்களுக்கு வெற்றி. திரைச்செல்வி வலது மூலைக்கு ஓங்கி அடித்த பந்து வெள்ளைக் கோட்டின்மேல் விழுந்தது. சுண்ணாம்புத்தூள் எழும்பியதைக் குழந்தைகூடப் பார்த்திருக்கும். கோட்டைத் தொட்டால் உள்ளே என்பது விதி. திரையில், உயர்ந்த நாற்காலியில் அமர்ந்திருந்த ஆறுமுகநயினார் இரண்டு கைகளையும் அகல விரித்தார். வெளியே.

திண்டுக்கல் அணி வென்றது. பிறகு பற்பசை விளம்பரம் வந்தது.

"சார்," என்றாள் செல்வி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது கோட்டுலதான விழுந்திச்சு?"

"ஆமாம்மா."

"பெறகு ஏன் வெளியன்னு காட்டுனீய?"

"நான் எங்கம்மா காட்டுனேன்? ஒங்கூடத்தானே உக்காந்திருக்கேன்."

"ஆமா," என்றாள் அவள். "இங்கதான் இருக்கீய." அப்படிச் சொன்னாளே தவிர, அவள் பார்வை அவருடைய கைகளின்மேல் போய் நின்றது. ஒவ்வொருவராக எல்லாப் பெண்களும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள். மடியில் வைத்திருந்த கைகளை ஆறுமுகநயினார் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

*

அந்தக் காட்சியை ஊரே பார்த்தது. ஆட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. தவறு என்றால் எல்லாரும் பார்ப்பார்கள். கைப்பேசிக்குக் கைப்பேசி அது தாவியது. சிலர் மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். சிலர் பாட்டுச் சேர்த்தார்கள்.

ஆறுமுகநயினார் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணனும் தம்பியும் அரிவாளோடு நின்ற வரப்புகளில் அளவுச்சங்கிலி பிடித்தவர். அவர் போட்ட கல்லை யாரும் பிடுங்கியதில்லை. கோடு என்பது அவருக்குச் சோறு போட்ட தெய்வம். அப்படிப்பட்டவரிடம் முடிதிருத்தும் வேலாயுதம் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே சொன்னான்: "கண்ணுக்கு ஆப்பரேசன் பண்ணிரலாம்லா அண்ணாச்சி? இப்பக் காப்பீட்டுலயே செய்யுதாவ."

"அது நான் இல்ல வேலாயுதம்."

"மொகம் தெரிஞ்சுதே அண்ணாச்சி."

"நெறைவி போட்ட படம்டே அது. அந்தப் பந்த யாருமே அடிக்கல."

"அடிக்காத பந்துக்கு எதுக்கு அவுட்டு குடுத்தீய?" என்றான் வேலாயுதம். காத்திருந்தவர்கள் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

கழகம் அதைவிட விரைவாக நடந்துகொண்டது. ஒளிபரப்பின் முடிவே முடிவு என்பதால் திண்டுக்கல்லின் வெற்றி செல்லும். அதே விதியின்படி நடுவரின் தவறும் செல்லும். ஆகவே தவறான தீர்ப்பு வழங்கிய ஆறுமுகநயினார் இரண்டு ஆண்டுகள் நாற்காலியில் ஏறக்கூடாது.

இவையெல்லாம்கூட அவரை வீழ்த்தவில்லை. அன்று மாலை அவர் மனைவி உலகம்மாள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டதுதான் உள்ளே போய்த் தைத்தது.

"நெசமாவே அப்படி ஒரு பந்து விழுந்திருந்தா, நீங்க என்ன சொல்லீருப்பீய?"

"உள்ளன்னுதான் சொல்லீருப்பேன்."

உலகம்மாள் தலையசைத்தாள். நம்பாதவர்கள் வாதாடுவார்கள். அவள் வாதாடவில்லை. கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள். அந்தத் தலையசைப்பில் நூலளவு தயக்கம் இருந்ததாக அவருக்குத் தோன்றியது. அன்றிரவே சென்னைக்குப் பயணச்சீட்டு எடுத்தார்.

*

தொலைக்காட்சி நிறுவனத்தில் நிகழ்ச்சிகளின் நேரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரி மதுவந்தி என்ற பெண். கடுமையாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு அவள் எழுந்து நின்று நாற்காலி காட்டியது ஏமாற்றமாக இருந்தது. சண்டை போடுவதற்கு அது உதவாது.

"நான் சொல்லாத ஒன்றை நான் சொன்னதாகக் காட்டியிருக்கிறீர்கள்," என்றார். கோபம் வந்தால் அவருக்கு மேடைத்தமிழ் வந்துவிடும்.

"காட்டினோம் சார். ஆனா நிறைவி எதையும் இஷ்டத்துக்குச் செய்யாது. உங்க கையில இருக்கற பட்டையிலேர்ந்து வர்ற கணக்கை வெச்சு, நீங்க அந்த இடத்துல என்ன செய்ய அதிக வாய்ப்பு இருக்கோ, அதைத்தான் செய்யும்."

"நான் தவறாகச் சொல்லத்தான் வாய்ப்பு அதிகமா?"

மதுவந்தி சற்றுத் தயங்கினாள். "எல்லா நடுவருக்கும் ஒரு பக்கம் பலவீனமா இருக்கும் சார். உங்களுக்கு வலது மூலை. அதுவும் ஆட்டம் சமமா போயி, நீங்க களைச்சிருந்தீங்கன்னா. பெரிசா ஒண்ணுமில்ல, கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை நிறைவி எடுத்து வெச்சுக்குது."

"எடுத்து வைத்து, ஒரு பெண்ணின் பிழைப்பில் கொண்டுபோய்க் கொட்டுகிறது."

"முதல் வருஷம் தப்பே இல்லாமத்தான் படம் போட்டோம். ஜனங்க நம்பலை. பொம்மலாட்டம்னு கேலி பண்ணினாங்க. மனுஷன்னா ஒரு தப்பாவது பண்ணணும், அப்பத்தான் உண்மையா தெரியுதுன்னாங்க."

"அப்படியானால் கிரிக்கெட்டுக்கும் நிறைவி போடுங்களேன்."

"அதைப் பாக்கறாங்களே சார்," என்றாள் அவள். அதைச் சொன்னபோது அவளுக்கே குரல் தாழ்ந்தது. "நானும் பள்ளிக்கூடத்துல கோகோ ஆடினவதான். இந்த மேஜையில உக்காந்து ஒவ்வொரு வாரமும் நான்தான் கோகோவை வெட்டறேன். நிறைவி இல்லேன்னா மேல இருக்கறவங்க உங்க ஆட்டத்தை மொத்தமா எடுத்துடுவாங்க. ஒண்ணுமே இல்லாததுக்கு இது தேவலைன்னு நெனச்சேன்."

"முடிவை மட்டும் வெட்டிவிட்டால், மிச்சம் இருப்பது ஆட்டம் ஆகுமா அம்மா?"

அவள் எழுந்து வாசல்வரை கூட வந்தாள். "முடிவை மாத்த எனக்கு அதிகாரம் கிடையாது சார். வேணும்னா மீதியை நீங்களே ஆடிப் பாத்துக்குங்க. யாரு தடுக்கப் போறாங்க?"

ஆறுதலுக்காகச் சொன்ன சொல் அது. ஆறுமுகநயினார் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

*

மீதியை ஆடிவிடலாம் என்று அவர் சொல்ல, செல்வி தீபலட்சுமிக்குப் பேசினாள். முதலில் தீபலட்சுமிக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"எதுக்குடி அதெல்லாம்? நாங்கதான் ஜெயிச்சாச்சே."

"ஜெயிச்சீயளா?"

தொலைபேசியில் சிரிப்பு நின்றது. பிறகு தீபலட்சுமி, "எந்த வண்டியில வரணும்னு சொல்லு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதே மைதானத்தில் பத்துப் பெண்களும் கூடினார்கள். பார்ப்பதற்கு மைதானக் காவலாளியும் உலகம்மாளும் இருந்தார்கள். தடை விதிக்கப்பட்ட நடுவர் உயர்ந்த நாற்காலியில் ஏறி அமர்ந்தார். கேமரா நின்ற மேடை காலியாகக் கிடந்தது.

"முப்பத்தொன்று சமம்," என்றார். "ஆடுங்கள்."

ஆட்டம் தொடங்கிய பிறகுதான், யாரும் எண்ணிப் பார்த்திராத ஒன்று வெளிப்பட்டது. அந்தப் பெண்களுக்குக் கடைசிப் புள்ளிகளை ஆடத் தெரியவில்லை. பெரிய போட்டி எதிலும் அவர்கள் அதுவரை போனதே இல்லை. அங்கே வரும்போதெல்லாம் விளக்கு அணைந்துவிடும். மாநிலத்திலேயே சிறந்த ஆட்டக்காரிகள் எளிய பந்தை வலையில் அடித்தார்கள். தொடக்க அடியைக் கோட்டுக்கு வெளியே போட்டார்கள். ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் தங்களை அறியாமல் காலி மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுக்கு மேல ஆடிப் பழக்கமே இல்லியே சார்," என்றாள் செல்வி, பந்தை எடுக்க வந்த இடத்தில்.

"எனக்கும்தான். ஆடு."

மெல்ல மெல்ல அவர்களுக்கு அது பிடிபட்டது. பிடிபட்டபோது அவர் தம் வாழ்நாளில் பார்த்திராத ஆட்டமாக அது மாறியது. ஒரு புள்ளிக்காகப் பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. காவலாளி பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றான். திண்டுக்கல் முப்பத்து நான்கு, செல்வியின் அணி முப்பத்து மூன்று. ஒரு புள்ளி எடுத்தால் திண்டுக்கல்லுக்கு வெற்றி. செல்வி தாவி எழுந்து, முழு உடம்பையும் கொடுத்து, வலது மூலைக்கு அடித்தாள்.

பந்து விழுந்தது. தூசி எழும்பியது.

'உள்ளே' என்ற சொல் ஆறுமுகநயினாரின் நாவில் வந்து நின்றது. வாயைத் திறந்துவிட்டார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: அந்தச் சொல் பந்து விழுந்த பிறகு வந்ததல்ல. அது சென்னையிலிருந்து திரும்பிய நாள்முதல் அங்கே காத்துக்கொண்டிருந்தது. வலது மூலையில் எந்தப் பந்து விழுந்தாலும் சொல்லிவிட வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. விழுந்த பந்தை அவர் பார்க்கவில்லை. திரையில் விழுந்த பந்தைத்தான் மறுபடியும் பார்த்தார்.

அவர் வாயை மூடிக்கொண்டார். நாற்காலியிலிருந்து இறங்கினார். ஆட்டம் முடியாமல் நடுவர் இறங்குவதை அந்தப் பெண்கள் கண்டதில்லை. நேராகச் செல்வியிடம் போய் நின்றார்.

"நான் பாக்கலம்மா," என்றார். "கண்ணு தெறந்துதான் இருந்திச்சு. அந்தப் படம் வந்து மறச்சிட்டு. நீ சொல்லு. பந்து எங்க விழுந்திச்சு?"

"சார், அவளைப் போயி கேக்குறீங்களே," என்றாள் தீபலட்சுமி. "அடிச்சதே அவதானே."

"அவளத்தான் கேக்கேன்."

செல்வி மணிக்கட்டுப் பட்டைக்கு அடியில் அரித்த இடத்தைச் சொறிந்துகொண்டு மூலையையே பார்த்தாள். அவள் கண்ணில் வேலை இருந்தது, தங்கை இருந்தாள், ஒரு மாத அவமானம் இருந்தது. எல்லாவற்றையும் அவர் பார்த்தார்.

"வெளிய சார்," என்றாள். "ஒரு வெரக்கட வெளிய."

பிறகு அவளே வலையருகே போய்க் கையை நீட்டினாள். "இப்பத்தாம்ட்டி நீங்க ஜெயிச்சீய," என்றாள். தீபலட்சுமி அந்தக் கையைப் பிடித்தவள் விடவில்லை. செல்வி அப்படியே மண்ணில் உட்கார்ந்து, முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். உலகம்மாள் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தாள்.

"விடுங்கம்மா," என்றாள் செல்வி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அன்னைக்கு அழுகையே வரல. யாரோ தோத்த மாதிரி இருந்திச்சு. இன்னைக்கு நான்லா தோத்திருக்கேன். கொஞ்சம் அழுதுக்கிடுதேன்."

*

புதிய பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரம், உலகம்மாள் அவரை உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. ஒங்களக் காட்டுதான்."

திரையில் பழைய இறுதிப்போட்டி ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்து நான்கு, முப்பத்து நான்கு. திரைச்செல்வி வலது மூலைக்கு அடித்தாள். பந்து விழுந்தது. இந்தமுறை திரையிலிருந்த ஆறுமுகநயினார் கைகளை விரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கினார். செல்வியிடம் நடந்து போய், "நீ சொல்லம்மா," என்றார். அவள் கண் கலங்காமல் நிமிர்ந்து நின்று, "வெளியே ஐயா," என்றாள். வீணை ஒலித்தது. இறுதிப்போட்டியன்று முப்பது பேர்கூட இல்லாத மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று கைதட்டினர். திரை ஆறுமுகநயினார் அவள் தலையில் கைவைத்து வாழ்த்தினார்.

அவள் மண்ணில் உட்கார்ந்து அழுதது மட்டும் அதில் இல்லை.

மறுநாள் மதுவந்தி தொலைபேசியில் பேசினாள். "பட்டை கையில இருக்கும்போதே ஆடியிருக்கீங்க சார். எல்லாம் நிறைவிக்கு வந்துடுச்சு. புதுக் கணக்கு கிடைச்சதும் அது பழைய முடிவைத் திருத்திடும். நான் தடுக்கப் பாத்தேன். மேல இருக்கறவங்க பாத்துட்டாங்க. இதுவரைக்கும் எந்தச் சிற்றாட்டத்தையும் இத்தனை பேர் பாத்ததில்லையாம். உங்க தடையையும் எடுத்துடுவாங்க."

"நாங்கள் அங்கே செய்ததை யாருக்கும் காட்டக்கூடாது என்றுதானே செய்தோம்?"

"தெரியும் சார்," என்றாள் அவள்.

அன்று மாலையே செல்வி பேசினாள். அவள் குரலில் மகிழ்ச்சியும் இல்லை, துக்கமும் இல்லை.

"கப்பல் கம்பெனிக்காரவ வேலை தாராவளாம் சார். நேர்மைக்காம். படத்தப் பாத்துட்டுக் கூப்புடுதாவ. நான் சொன்னத அவுக யாரும் கேக்கலியே. அந்தப் பொம்ம சொன்னதுக்குல்லா தாராவ. போகட்டுமா, வேண்டாமா?"

திருப்பி அனுப்பிவிடு என்று சொல்லத்தான் அவருடைய கோபம் விரும்பியது. ஆனால் மண்ணில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் முதுகு அவர் நினைவுக்கு வந்தது.

"நீ சொன்னத நான் கேட்டேம்மா," என்றார். "போயிச் சேந்துக்கோ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் முடிதிருத்தகத்துக்குள் நுழைந்தபோது, காத்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். வேலாயுதம் துண்டை இருமுறை உதறிவிட்டுக் கழுத்தில் சுற்றினான்.

"என்ன இருந்தாலும் ஒங்களமாதிரி வராது அண்ணாச்சி. நாக்காலிய விட்டு எறங்கிப் போயிக் கேட்டீய பாருங்க, எங்க வீட்டுல எல்லாரும் அழுதுட்டோம்."

"அது நான் இல்ல வேலாயுதம்."

"பாத்தீயளா, பாத்தீயளா," என்று வேலாயுதம் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான். "எவ்வளவு அடக்கம்."

எல்லாரும் பெருமையோடு தலையசைத்தார்கள். ஆறுமுகநயினார் எதிரே கண்ணாடியில் அமர்ந்திருந்தவரைப் பார்த்தார். அவர் மட்டும் தலையசைக்கவில்லை.